ஒப்பந்தம் முடிந்த செவிலியர்கள்

கேள்வி: என் மகள் நர்ஸிங் கடைசி வருடம் படிக்கிறாள். கொரோனா மாதிரி இன்னொன்று வந்தால் இவர்களை ஒழுங்காக நடத்துவார்களா?
– ஒரு தாய், வேப்பம்பட்டு

பதில்: உங்கள் பயம் நியாயமானதுதான் அம்மா. 2020-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் 2,000-க்கும் மேற்பட்ட செவிலியர்களை அவசரமாக எடுத்தார்கள். தொகுப்பூதியம் மாதம் 14,000 ரூபாய். 2022 டிசம்பர் 31-க்குப் பிறகு ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. மாற்று ஒப்பந்த வேலை தருவதாக அரசு சொன்னது. வேலை போனதை எதிர்த்துப் போராடிய செவிலியர்கள் கேட்டது பணி நிரந்தரம். அதை மறுத்தது பெரிய அநீதி என்றே நினைக்கிறேன்.

வார்டில் பட்ட பாடு தனி. பிபிஇ கிட் போட்டால் ஷிஃப்ட் முடியும்வரை கழற்ற முடியாது. பாத்ரூம் போக வேண்டிவருமே என்று டூட்டிக்கு முன்பே பலர் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள், மாதவிடாய் நாட்களிலும்கூட. ஷிஃப்டைச் சுருக்கினால் தீரும். அதற்கு மாற்றிவிட ஆள் வேண்டும். ஆள் எடுப்பதை நோய் வந்த பிறகு தொடங்கக் கூடாது.

வேலைக்குப் போய்வருவதும் ஒரு சிக்கல்: 2020 மார்ச் ஊரடங்கில் உங்கள் ஊர் மின்சார ரயிலும் நின்றது நினைவிருக்கும். ஆகவே வேலையில் சேரும்போது தங்குமிடம், போக்குவரத்து யார் பொறுப்பு என்று மகளை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். நியமன ஆணை, டூட்டி ரோஸ்டர் இரண்டின் நகலும் வீட்டில் இருக்கட்டும்.