துறவற மடத்து ஒழுங்குகள் யாருக்காக?



மகளைக் கன்னியர் மடத்துக்கு அனுப்பிவிட்டு, நினைத்த நேரத்தில் அவளைப் பார்க்க முடியவில்லையே என்று கண் கலங்கும் தாய்மாரை நீங்கள் அறிவீர்கள். "மடத்துச் சட்டம் பொல்லாத சட்டம்" என்று அயலவர் சொல்வதையும் கேட்டிருப்பீர்கள். "சட்டம் இல்லாவிட்டால் பிறகென்ன மடம்?" என்று இன்னொருவர் திருப்பிக் கேட்பார். இரண்டு பேச்சிலும் உண்மை உண்டு. ஆனால் இருவருமே கேட்க மறந்த கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தச் சட்டம் யாருக்காக எழுதப்பட்டது? மடத்துக்காகவா, தலைவருக்காகவா, அல்லது அங்கே வாழ வந்த மனிதருக்காகவா?

இதை ஆராய நாம் ஆறாம் நூற்றாண்டு இத்தாலிக்குச் செல்லவேண்டும். மேற்குத் திருச்சபையின் துறவறத்துக்கு உருவம் கொடுத்தவர் புனித ஆசீர்வாதப்பர். ஏறக்குறைய 480ஆம் ஆண்டில் நூர்சியாவில் பிறந்தவர். ஏறக்குறைய 547இல் மொந்தே கசீனோ மலையில் இறந்தவர். அவர் எமக்கு முற்றிலும் அந்நியரும் அல்லர். 19ஆம் நூற்றாண்டிலிருந்து கண்டிப் பகுதியில் மறைப்பணி புரிந்த சில்வெஸ்திரீன் துறவிகள் அவருடைய ஒழுங்கின்படி வாழ்பவர்களே.

ஆசீர்வாதப்பர் இளகிய மனத்தால் எதையும் விட்டுக்கொடுத்தவர் என்று யாரும் எண்ணவேண்டாம். சுபியாக்கோ குகையில் மூன்று ஆண்டுகள் தனித்து வாழ்ந்த அவரை, அயலிலிருந்த ஒரு மடத்துத் துறவிகள் தங்களுக்குத் தலைவராக வரும்படி வற்புறுத்தினார்கள். என்னுடைய முறை உங்களுக்கு ஒத்துவராது என்று அவர் முன்கூட்டியே சொன்னார். அவர்கள் கேட்கவில்லை. அவர் வந்து ஒழுங்கை நடைமுறைப்படுத்தத் தொடங்கியதும், அவருடைய திராட்சை இரசத்திலே நஞ்சைக் கலந்தார்கள். அவர் சிலுவை அடையாளம் வரைந்ததும் பாத்திரம் உடைந்தது என்றும், அவர் கோபமின்றி எழுந்து குகைக்கே திரும்பினார் என்றும் பாப்பரசர் புனித பெரிய கிரகோரியார் எழுதி வைத்திருக்கிறார். ஒழுங்கில்லாத துறவிகள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதைத் தம் உயிரிலே அறிந்த ஒருவர்தான் பின்னர் ஓர் ஒழுங்குநூலை எழுதினார் என்பதை மனதில் வைத்துக்கொள்வோம்.

அந்நூல் முன்னுரையும் 73 அதிகாரங்களும் கொண்டது. அதில் கண்டிப்பானவை ஏராளம். துறவிக்குச் சொந்தமாக ஒரு புத்தகமோ, எழுதுகோலோகூட இருக்கக் கூடாது. மடாதிபதியின் அனுமதியின்றி, பெற்றோரிடமிருந்துகூடக் கடிதமோ பரிசோ பெறக் கூடாது. வாரந்தோறும் 150 சங்கீதங்களும் செபிக்கப்படவேண்டும். பிடிவாதக்காரருக்குப் பிரம்படியும் உண்டு. அது அக்காலத்து வழக்கம், இன்று நாம் அதைப் பின்பற்றவேண்டியதில்லை.

இனி அதே நூலின் மறுபக்கத்தைப் பாருங்கள். மேசையில் சமைத்த பதார்த்தங்கள் இரண்டு இருக்கவேண்டும் என்கிறார். ஏன் இரண்டு? ஒன்றைச் சாப்பிட முடியாதவன் மற்றதையாவது சாப்பிடட்டும் என்பதற்காக. நாளுக்கு ஒரு றாத்தல் பாண். வேலை கடுமையானால் கூட்டிக் கொடுக்கலாம். குசினியில் முறை பார்ப்பவர்கள் மற்றவர்களுக்குப் பரிமாறுமுன் வெறும் வயிற்றோடு நிற்கக் கூடாது. ஒரு மணி நேரம் முன்னதாக அவர்களுக்குப் பாணும் பானமும் கொடுக்கவேண்டும், முணுமுணுப்பின்றிப் பணிபுரிவார்கள் அல்லவா? திராட்சை இரசம் துறவிகளுக்கு ஆகாது என்று முன்னோர் எழுதியிருப்பதை அவர் அறிவார். ஆனால் எங்கள் காலத்துத் துறவிகளை இதை நம்பவைக்க முடியாது, ஆகவே அளவோடாவது குடிப்போம் என்ற கருத்தில் எழுதுகிறார்! ஒரு புனிதர் தம் பிள்ளைகளை நன்றாக அறிந்திருந்தார் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

இரவுச் செபத்துக்குப் பிந்தி வருபவர் எந்த மடத்திலும் உண்டு. எந்தப் பங்கிலும் உண்டு என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. ஆசீர்வாதப்பர் அவர்களுக்குத் தண்டனை விதிக்கிறார். கடைசி இடத்தில் நிற்கவேண்டும். ஆனால் அதற்கு முன் ஒரு காரியம் செய்கிறார். தொடக்கத்தில் வரும் 94ஆம் சங்கீதத்தை (எபிரேய எண்ணிக்கையில் 95) வேண்டுமென்றே மெதுவாக, இழுத்துச் சொல்லச் சொல்கிறார். ஓடிவருகிறவன் வந்து சேரட்டுமே! அதன் பின்னும் பிந்தியவனை வெளியே நிறுத்தாமல் உள்ளே விடுகிறார். வெளியே விட்டால் திரும்பிப் படுத்துவிடுவான், அல்லது கதையளந்துகொண்டிருப்பான் என்பது அவர் கூறும் காரணம். சட்டமும் இருக்கிறது, தண்டனையும் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தை எழுதிய கை, தூக்கக் கலக்கத்தோடு படியிறங்கி ஓடிவரும் ஒரு சகோதரனை நினைத்துக்கொண்டே எழுதியிருக்கிறது.

மடாதிபதியைப் பற்றிய 64ஆம் அதிகாரத்தில் இவை எல்லாவற்றின் திறவுகோல் கிடைக்கிறது. துருவைச் சுரண்டப் போய்ப் பாத்திரத்தையே உடைத்துவிடாதே என்று அவர் தலைவரை எச்சரிக்கிறார். பலமுள்ளவர்கள் இன்னும் ஆசைப்படுவதற்கு ஏதேனும் இருக்கவேண்டும். பலவீனர்கள் பயந்து ஓடுவதற்கு எதுவும் இருக்கக் கூடாது. அந்த அளவில் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்து என்பது அவருடைய போதனை. பலவீனன் அங்கே சலுகை பெற்று ஒதுங்குகிறவன் அல்ல. அவனை வைத்தே மடத்தின் அளவுகோல் செய்யப்படுகிறது.

இங்கே ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடக் கூடாது. அப்படியானால் ஒழுங்கைக் குறைத்துவிட்டால் அன்பு பெருகும் என்று சிலர் நினைக்கிறார்கள். அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. ஒழுங்கில்லாத வீட்டில் யார் ஆளுகிறார்? குரல் பெரியவர் ஆளுகிறார். வசதியுள்ள குடும்பத்திலிருந்து வந்தவருக்கு நல்ல அறையும் நல்ல சாப்பாடும் கிடைக்கும். பேசத் தெரியாதவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார். ஆசீர்வாதப்பரின் மடத்திலே பிரபுவின் மகனும் விடுதலை பெற்ற அடிமையும் அருகருகே இருந்தார்கள். யார் எப்போது மடத்தில் சேர்ந்தார் என்பதே வரிசை, பிறப்பு அல்ல. அந்த ஏழைச் சகோதரனுக்கு எழுதப்பட்ட ஒழுங்கே பாதுகாப்பாக இருந்தது. முக்கியமான காரியங்களில் எல்லோரையும் கூட்டி ஆலோசனை கேட்கவேண்டும், ஏனெனில் இளையவருக்கே இறைவன் நல்லதை அடிக்கடி வெளிப்படுத்துகிறார் என்ற விதியையும் அவர் நூலின் தொடக்கத்திலேயே வைத்துவிட்டார்.

ஆனால் நல்ல ஒழுங்கும் இறுகிப்போகலாம். அது அவருக்கே நேர்ந்தது. அவருடைய சகோதரி புனித ஸ்கொலாஸ்திக்கா ஆண்டுக்கு ஒருமுறை அவரைச் சந்திப்பார். மடத்துக்கு அண்மையிலிருந்த ஒரு வீட்டில் இருவரும் பகல் முழுவதும் இறைவனைப் பற்றிப் பேசுவார்கள். இறுதிச் சந்திப்பில் மாலையானதும், இன்றிரவு போகவேண்டாம், விடியும்வரை பேசுவோம் என்று அவர் கெஞ்சினார். மடத்துக்கு வெளியே இரவு தங்க ஒழுங்கு இடம்கொடாது என்று அண்ணன் மறுத்துவிட்டார். ஸ்கொலாஸ்திக்கா மேசைமேல் கைகளைக் கோத்து, தலையைக் கவிழ்த்துச் செபித்தார். தெளிந்திருந்த வானத்தில் இடியும் மழையும் வெடித்தன. வாசலைக் கடக்க முடியவில்லை. என்ன செய்துவிட்டாய் என்று அண்ணன் பதற, உங்களிடம் கேட்டேன், நீங்கள் கேட்கவில்லை; இறைவனிடம் கேட்டேன், அவர் கேட்டார் என்ற பொருளில் தங்கை பதில் சொன்னாராம். இரவு முழுவதும் பேசினார்கள். மூன்றாம் நாள் ஸ்கொலாஸ்திக்கா இறந்தார்.

இந்தக் கதையை எழுதிய கிரகோரியாரும் ஒரு துறவியே; ஒழுங்கின் அருமை தெரிந்தவர். அவர் யாருடைய பக்கம் தீர்ப்புச் சொல்கிறார் தெரியுமா? அந்தப் பெண்ணின் பக்கம். அதிகம் அன்பு செய்தவள் அவள், ஆகவே அதிகம் செய்ய முடிந்ததும் அவளால்தான் என்கிறார். ஒழுங்குநூலை எழுதியவரே ஒரு மழையால் திருத்தப்பட்டார் என்பதைத் திருச்சபை மறைக்காமல் நூற்றாண்டுகளாக வாசித்து வருகிறது. எனக்கு இது பெரிய ஆறுதல்.

கிரகோரியார் இன்னொன்றும் சொல்கிறார். மார்த்தீன் என்னும் ஒரு வனவாசி, தன் குகையை விட்டு விலகக் கூடாதென்று காலைப் பாறையோடு இரும்புச் சங்கிலியால் பிணைத்திருந்தார். ஆசீர்வாதப்பர் அவருக்கு ஆளனுப்பினார்: நீர் இறைவனின் ஊழியரானால் உம்மைப் பிடித்திருப்பது கிறிஸ்துவின் சங்கிலியாக இருக்கட்டும், இரும்புச் சங்கிலி வேண்டாம். மார்த்தீன் சங்கிலியைக் கழற்றினார். ஆனால் அது எட்டிய தூரத்துக்கு அப்பால் அவர் ஒருபோதும் போகவில்லையாம்.

பிற்காலத்தில் பல சபைகளில் இரும்பு மீண்டும் வந்து சேர்ந்தது. காரணம் மறைந்த பின்னும் வழக்கம் நின்றுவிட்டது. கடிதங்களைப் பற்றிய விதி, ஒருவனுக்கு வீட்டிலிருந்து பரிசுகள் குவிய மற்றவன் வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்பதற்கு உதவியது. பின்னர் அதுவே பல இடங்களில் ஒருவரின் அந்தரங்கத்தைத் திறந்து வாசிக்கும் அதிகாரமாக மாறியது. பெற்றோரின் மரணத்துக்கும் வீடு செல்ல முடியாத கன்னியர் இருந்தார்கள். பெண்கள் சபைகள் பலவற்றில் இரு வகுப்புகள் இருந்தன: சங்கீதம் பாடுவோர் ஒரு வகுப்பு, சீதனமின்றி வந்து குசினியிலும் தோட்டத்திலும் உழைப்போர் மற்றொரு வகுப்பு. ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்தவர்களுக்குள்ளே இப்படி ஒரு மேல் கீழ்! எங்கள் ஊர்களில் வேறு பெயரில் நாம் அறிந்த நோய்தான் இது.

இரண்டாம் வத்திக்கான் திருச்சங்கம் 1965 ஒக்ரோபர் 28இல் வெளியிட்ட துறவறம் பற்றிய ஏட்டில், பெண்கள் சபைகளில் ஒரே வகுப்புச் சகோதரிகளே இருக்கவேண்டும் என்ற திசையைக் காட்டியது. சபை ஒழுங்குகளையும் வழக்க நூல்களையும் ஆராய்ந்து காலாவதியானவற்றை நீக்கும்படியும் பணித்தது. சபை நிறுவுநரின் ஆதி உள்ளத்துக்குத் திரும்புங்கள் என்று அழைத்தது. எல்லாவற்றையும் எளிதாக்குங்கள் என்று அது எங்கும் சொல்லவில்லை. எங்கள் யாழ்ப்பாணத்திலே 1928இல் தோமஸ் அடிகளார் தோலகட்டியில் தொடங்கிய செபமாலைதாசர் சபையை எண்ணிப் பாருங்கள். மௌனமும் செபமும் உடலுழைப்பும் அங்கு எளிதான காரியங்களல்ல. கடினம் வேறு, கொடுமை வேறு.

பெற்றோராகிய நீங்கள் அறிந்திருக்கவேண்டிய சில விதிகள் 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் உண்டு. 17 வயது நிறையாதவரை நவசந்நியாசத்தில் சேர்த்தால் அது செல்லாது. வற்புறுத்தலாலோ, கடும் பயத்தாலோ, ஏமாற்றத்தாலோ சேர்ந்தால் அதுவும் செல்லாது. ஆகவே, "நேர்த்தி வைத்துவிட்டோம், நீ போகத்தான் வேண்டும்" என்று பிள்ளையைத் தள்ளிவிடாதீர்கள். நேர்த்தி உங்களுடையது, வாழ்க்கை அவளுடையது. நவசந்நியாசம் குறைந்தது 12 மாதம். அக்காலத்தில் அவர் சுதந்திரமாக விலகலாம். மனச்சாட்சியின் அந்தரங்கத்தைத் தங்களிடம் வெளிப்படுத்தும்படி தலைவர்கள் எவ்வகையிலும் தூண்டக் கூடாது. லீவில் வரும் பிள்ளையிடம் சாப்பாடு எப்படி என்று மட்டும் கேளாதீர்கள். அங்கே நோயாளியை எப்படிப் பார்க்கிறார்கள், வயோதிபச் சகோதரிகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்த மடத்தின் ஒழுங்கு எதற்காக இருக்கிறதென்று அவளுடைய பதிலில் தெரிந்துவிடும்.

வீட்டுக்கும் இது பொருந்தும். இரவுச் செபமாலைக்கு ஒரு நேரம் இருக்கட்டும். நேரமில்லாத செபம் ஒரு மாதத்தில் மறைந்துவிடும். ஆனால் தூங்கி விழும் சிறுவனை அடித்து எழுப்பி முழங்காலில் நிறுத்தும் தகப்பனார், அந்த 94ஆம் சங்கீதத்தைச் சற்று நினைத்துக்கொள்வாராக.

இறுதியாக, நாம் பேசத் தயங்கும் ஒரு காரியம். மடத்துக்குப் போன பிள்ளை சில வருடங்களில் திரும்பி வருகிறாள். ஊர் கதைக்கிறது, குடும்பம் தலைகுனிகிறது, அவளைச் சித்தி வீட்டுக்கு அனுப்பி மறைத்துவிடுகிறார்கள். ஆசீர்வாதப்பர் விலகிப் போவதை விரும்பவில்லை; அதைப் பசாசின் தூண்டுதல் என்றே எழுதினார். எனினும் புதிதாக வருபவனுக்கு ஒழுங்குநூலை ஓராண்டில் மூன்றுமுறை வாசித்துக் காட்டி, முடிந்தால் நில், முடியாவிட்டால் சுதந்திரமாகப் போ என்று சொல்லும்படி விதித்தவரும் அவரே. வார்த்தைப்பாடு கொடுத்தவனின் பழைய உடைகளையும் அவர் எறிந்துவிடச் சொல்லவில்லை. களஞ்சியத்தில் வைத்திருக்கச் சொன்னார், ஒருநாள் போகவேண்டி வந்தால் உடுத்திக்கொள்ள. போனவன் திருந்துவதாகச் சொல்லி வந்தால் மூன்றுமுறை வரை திரும்ப ஏற்றுக்கொள்ளவும் சொன்னார். இன்றைய சட்டமும் விலகியவர்களிடம் நீதியோடும் நற்செய்தியின் அன்போடும் நடக்கும்படி சபைகளைப் பணிக்கிறது.

மடம் அவளுடைய உடையை வைத்திருக்குமானால், வீடு அவளுடைய அறையையும் பாயையும் வைத்திருக்கலாம் அல்லவா? அவள் வந்து சேர்ந்த முதல் ஞாயிறன்று, காலைத் திருப்பலிக்கு அவளைத் தாயும் தகப்பனும் நடுவில் நடத்திக் கூட்டிச் செல்லுங்கள். வழக்கமாக நீங்கள் இருக்கும் வாங்கிலேயே இருங்கள்.