சாவோ பாவுலோ: கிழமை பார்த்துக் கிளம்புங்கள்

கேள்வி: மகன் சாவோ பாவுலோவில் வேலை பார்க்கிறான். ஜனவரிக் கடைசியில் நானும் கணவரும் ஒரு வாரம் அவனோடு தங்கப் போகிறோம். யாரைக் கேட்டாலும் ரியோவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கடற்கரைகூட இல்லாத இந்த ஊரில் ஒரு வாரத்துக்குப் பார்க்க என்ன இருக்கிறது?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ரியோவுக்கும் தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் அதற்காக சாவோ பாவுலோவின் வாரத்தில் கை வைத்துவிடாதீர்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வாழும் ஊர் இது. இங்குள்ள அரங்குகளும் அருங்காட்சியகங்களும் சுற்றுலாப் பயணியை நம்பி நடப்பவை அல்ல. உள்ளூர்க்காரர்கள் தங்கள் வாரத்துக்கு ஏற்றபடி வந்து நிரப்புகிறார்கள். அதனால், எந்த இடம் என்பதைவிட எந்தக் கிழமை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

ஞாயிற்றுக்கிழமையை பாலிஸ்டா அவென்யூவுக்கு ஒதுக்குங்கள். வங்கிகளும் அலுவலகங்களும் நிறைந்த அந்தப் பெருஞ்சாலையில் 2015 முதல் ஞாயிறுதோறும் காலையிலிருந்து மாலைவரை வாகனங்களுக்கு அனுமதி கிடையாது. சாலை முழுக்க ஜனங்கள்தான். ஒரு முனையில் ராக் இசைக்குழு, கொஞ்சம் தள்ளி கபொய்ரா என்னும் தற்காப்பு ஆட்டம், அதைத் தாண்டினால் யாரோ ஒருவரின் சாக்ஸபோன். எந்த டிக்கெட்டும் இல்லாத கச்சேரி இது. நடுவில் கால் வலித்தால் ட்ரியனோன் பூங்காவுக்குள் நுழைந்துவிடுங்கள். ஒரு காலத்தில் பிரேசிலின் கரையோரப் பகுதிகளில் பரவியிருந்த அட்லாண்டிக் காட்டின் மிச்சம் அது. உள்ளே போனதும் வெயில் தெரியாது.

பூங்காவுக்கு எதிரே, சிவப்பு உத்தரங்களில் தொங்குவதுபோல் நிற்கும் கட்டடம்தான் மாஸ்ப் கலை அருங்காட்சியகம். லீனா போ பார்தி வடிவமைத்தது; 1968-இல் திறக்கப்பட்டது. அடியில் 74 மீட்டர் அகலத்துக்கு ஒரு தூண்கூட இல்லாத வெற்றிடம் இருக்கிறது. ஞாயிறன்று அங்கே பழம்பொருள் சந்தை கூடும். ஓவியங்களைப் பார்க்க மட்டும் செவ்வாயன்று வாருங்கள். அன்று நுழைவு இலவசம், ஆனாலும் முன்பதிவு வேண்டும். அங்கே ஓவியங்களைச் சுவரில் மாட்டியிருக்க மாட்டார்கள். கான்கிரீட் கட்டையில் செருகிய கண்ணாடிப் பலகைகளில் ரஃபேலும் வான்கோவும் அந்தரத்தில் நிற்பார்கள். வரைந்தவர் யார் என்ற விவரம் பலகையின் பின்பக்கம் இருக்கும். படத்தை முதலில் நம் கண்ணால் பார்த்துவிட்டுப் பிறகு பெயரைத் தெரிந்துகொள்ளலாம். கலையைப் பற்றி எதுவும் தெரியாது என்று தயங்குபவர்களுக்கு இதைவிட மரியாதையான ஏற்பாட்டை நான் எங்கும் பார்த்ததில்லை.

ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்று நீங்கள் சொன்னால், யோசிக்காமல் செஸ்க் பொம்பேயா என்பேன். செஸ்க் என்பது 1946-இல் தொடங்கிய அமைப்பு. வணிக, சேவை நிறுவனங்கள் தம் சம்பளப் பட்டியலில் 1.5 சதவீதத்தைக் கட்டாயமாக இதற்குக் கொடுக்க வேண்டும். அந்தப் பணத்தில் நாடகம், இசை, நீச்சல், பல் மருத்துவம், மலிவான சாப்பாடு எல்லாம் நடக்கின்றன. நகரில் பல கிளைகள் உண்டு. பொம்பேயா கிளை ஒரு பழைய பீப்பாய்த் தொழிற்சாலை. அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதாகத்தான் இருந்தது. லீனா போ பார்தி செங்கல் கொட்டகைகளை அப்படியே காப்பாற்றி, 1982-இல் மக்கள் கூடும் இடமாக மாற்றிக் கொடுத்தார். உள்ளே தரையில் ஆறு மாதிரி வளைந்து ஒரு நீரோடை. அதன் பக்கத்தில் ஒருவர் பேப்பர் படிப்பார், இருவர் செஸ் ஆடுவார்கள், ஒரு தாத்தா தூங்கிக்கொண்டிருப்பார். எழுந்து போகச் சொல்ல யாரும் வர மாட்டார்கள். வளாகத்தின் பின்பக்கம் பூமிக்கடியில் ஓடை போவதால் அதன் மேல் கட்டடம் எழுப்ப முடியாது. அதனால் இரண்டு பக்கமும் இரண்டு கான்கிரீட் கோபுரங்களைக் கட்டி, நடுவே அந்தரத்தில் நடைபாலங்களால் இணைத்திருக்கிறார். ஓடைக்கு மேலே மரப்பலகை போட்டிருக்கிறது. கடல் இல்லாத ஊர்க்காரர்கள் அதில் படுத்து வெயில் காய்கிறார்கள்.

அங்குள்ள நாடக அரங்கில் மேடை நடுவில், பார்வையாளர்கள் இரண்டு பக்கமும் எதிரெதிரே. மெத்தை இல்லாத மர இருக்கைகள்; உங்கள் கணவருக்கு முதுகுவலி இருந்தால் ஒரு சால்வையை மடித்து எடுத்துப் போங்கள். போர்த்துகீசியம் தெரியாவிட்டால் இசை நிகழ்ச்சிக்கே டிக்கெட் எடுங்கள். நல்ல நிகழ்ச்சிகளுக்குச் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் மகனை முன்கூட்டியே இணையதளத்தைப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை லூஸ் பக்கம். 1905-இல் தொடங்கிய பினகோதேக்காவில் பிரேசில் ஓவியர்களைப் பார்க்கலாம், சனியன்று இலவசம். எதிரே லூஸ் ரயில் நிலையக் கட்டடத்திலேயே போர்த்துகீசிய மொழி அருங்காட்சியகம் இருக்கிறது. 2015 டிசம்பரில் தீக்கிரையாகி, 2021-இல் மறுபடி திறந்தார்கள். ஒரு மொழிக்கு அருங்காட்சியகம் எப்படி அமைப்பது என்று நம் ஊரில் யோசிப்பவர்கள் போய்ப் பார்க்க வேண்டிய இடம். பக்கத்து ஜூலியோ பிரெஸ்தெஸ் நிலையத்தில் 1999 முதல் சாலா சாவோ பாவுலோ என்ற சிம்பொனி அரங்கு நடக்கிறது. மேல்கூரை 15 பலகைகளால் ஆனது. வாசிக்கும் இசைக்கு ஏற்ப ஏற்றி இறக்குகிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ரயில்கள் இன்றும் வந்து போகின்றன, உள்ளே சத்தம் வராது. அந்த வட்டாரம் இருட்டிய பிறகு நடப்பதற்கு ஏற்றதல்ல. இரவுக் கச்சேரி என்றால் வாசல்வரை டாக்சியில் போய் வாசலிலேயே டாக்சி ஏறுங்கள்.

திங்களன்று பெரும்பாலான அருங்காட்சியகங்கள் பூட்டியிருக்கும். அன்று ஜப்பானியர் வேரூன்றிய லிபர்டாடே பகுதியில் சுற்றலாம், இபிராபுவேரா பூங்காவில் நிழலாக உட்காரலாம். கணவருக்குக் கால்பந்து பிடிக்குமென்றால், பக்காயெம்பு மைதானத்தின் கேலரிக்கு அடியில் இருக்கும் கால்பந்து அருங்காட்சியகத்தை வேறொரு நாளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கார்னிவலுக்கு நாங்கள் இருக்க மாட்டோம். சம்பா பார்க்க வேறு வழி உண்டா?
— அதே வாசகி

பதில்: நீங்கள் போகும் நேரமே அதற்குச் சரியான நேரம். கார்னிவலுக்கு முந்திய வாரக்கடைசிகளில் சம்பா பள்ளிகள் என்னும் பேட்டைக் குழுக்கள் அன்யெம்பி சம்பாட்ரோம் என்ற ஊர்வல அரங்கில் ஒத்திகை நடத்தும், அனுமதி இலவசம். ஜிகினா உடைகளும் பெரிய ரதங்களும் இருக்காது. டிஷர்ட்டும் கேன்வாஸ் ஷூவுமாக ஒரு பேட்டையே பாடிக்கொண்டு நடந்து வரும். பாட்டிமார் சுழன்று ஆடும் அணியை மட்டும் தவறவிடாதீர்கள். சுர்தோ என்னும் பெரிய முரசு நெருங்கும்போது காதுக்கு முன் நெஞ்சுக்குக் கேட்டுவிடும். ஊர்வலத்தைவிட ஒத்திகையே எனக்குப் பிடிக்கும். மனிதர்களின் முகம் தெரிகிறது. கார்னிவல் சமயத்தில் போகும் மற்ற வாசகர்களுக்கு ஒரு விஷயம்: இங்கே முதல்நிலைப் பள்ளிகளின் ஊர்வலம் வெள்ளி, சனி இரவுகளில், ரியோவில் ஞாயிறு முதல். இரண்டையும் பார்த்துவிடலாம்.

கேள்வி: நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது? வேறு முன்னேற்பாடு ஏதாவது?
— அதே வாசகி

பதில்: புதன், சனிகளில் ஊரே சாப்பிடும் ஃபெய்ஜோவாடா என்ற பீன்ஸ் குழம்பில் பன்றி இறைச்சி இருக்கும், ஒதுங்கிக்கொள்ளுங்கள். எடைபோட்டு விற்கும் உணவகங்கள் மதியத்தில் எல்லாத் தெருவிலும் திறந்திருக்கும். சோறு, காய், பழம் என்று கண்ணால் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். பீன்ஸில் மட்டும் பன்றிக்கொழுப்பு சேர்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பேட்டைச் சந்தை கூடும் நாளைத் தெரிந்துகொண்டு காலையில் போங்கள்: சீஸ் வைத்த பாஸ்டெல் என்ற பொரித்த பலகாரத்தை எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்துக் கையில் கொடுப்பார்கள், கூடவே எலுமிச்சை பிழிந்த கரும்புச் சாறு.

தெருவில் நின்று போனில் வழி பார்க்க வேண்டாம், சைக்கிளில் வந்து பறித்துப் போவார்கள். ஒரு கடைக்குள் போய்ப் பாருங்கள். இன்னொன்று கட்டாயம்: பிரேசிலிலிருந்து இந்தியா திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள், இல்லையென்றால் தனிமைப்படுத்த விதி உண்டு. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். 60 வயது தாண்டியிருந்தால் ஊசிக்கு முன் உங்கள் டாக்டரிடம் பேசிவிட்டு, பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே வேலையை முடித்துவிடுங்கள்.