அந்தப் புடவையை அவள் எப்போது மாற்றுவாள்?

அன்புள்ள தம்பிக்கு,

உன் இசை நாடகத்தை இரண்டு தடவை படித்தேன். ஒன்றரை மணி நேரம், ஒரே மூச்சில், நேரலையாக நடத்தப்போவதாக எழுதியிருக்கிறாய். துணிச்சல்தான். பாட்டெல்லாம் நன்றாக வந்திருக்கிறது. எனக்கு உறுத்துவது நான்காம் பாட்டு. கதாநாயகி கிழிசல் புடவையில் பாடி முடிக்கிறாள்; அடுத்த வரியிலேயே பட்டு கட்டிக்கொண்டு நாற்பது பேர் நடுவே ஆடுகிறாள். அந்தப் புடவையை அவள் எப்போது மாற்றுவாள்?

'சிண்ட்ரெல்லா'வைத் தேடிப் பார். இசை ரிச்சர்ட் ராஜர்ஸ், வசனமும் பாடல்களும் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன். மேடையையே ஆண்டவர்கள், இருவரும் சேர்ந்து தொலைக்காட்சிக்கென்றே எழுதியது இது ஒன்றுதான். 1957 மார்ச் 31, ஞாயிறு இரவு, நியூயார்க்கின் சிபிஎஸ் ஸ்டுடியோவிலிருந்து வண்ணத்தில் நேரலையாகப் போனது. இரண்டு வருடம் முன்பு என்பிசி காட்டிய 'பீட்டர் பான்' பிராட்வேயில் ஆடிப் பழகிய நாடகம். இதற்கு அந்த வசதி கிடையாது. கதாநாயகி ஜூலி ஆண்ட்ரூஸுக்கு வயது 21. 'மை ஃபேர் லேடி'யில் வாரம் எட்டுக் காட்சி நடித்துக்கொண்டே இதற்கும் ஒத்திகைக்கு வந்தார்.

ஸ்டுடியோ சின்னது, வண்ணக் கேமராக்களோ பூதங்கள். வாத்தியக்காரர்களைத் தனி அறையில் உட்கார வைத்தார்கள். இப்படிப்பட்ட இடத்தில் சிண்ட்ரெல்லாவின் முதல் பாட்டு எப்படி அமைந்திருக்கிறது, பார். சிற்றன்னையும் மகள்களும் ஏவி ஓய்ந்தபின் தனியாக அடுப்போரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பாடுகிறாள். அவ்வளவுதான். மனசுக்குள் உலகமெல்லாம் சுற்றி வருகிறாள். உடம்பு நாற்காலியை விட்டு நகரவில்லை. ஆடை மாற்றம் இல்லை, செட் மாற்றம் இல்லை. இதே பாட்டு பெரிய அரங்கில் முப்பதாவது வரிசைக்காரருக்கு எடுபடாது. வீட்டுக் கூடத்துப் பெட்டியில் முகம் மட்டுமே போதும். இடம் போதாததையே பாட்டின் பொருளாக்கிவிட்டார் ஹாமர்ஸ்டைன். நாடகத்திலேயே சிறந்த இடம் அதுதான் என்பேன். பின்னால் வரும் நடன விருந்து எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

விருந்தில் நீ கவனிக்க வேண்டியவர்கள் சிற்றன்னையின் மகள்களாக நடித்த இருவர். கேய் பாலார்டும் ஆலிஸ் கோஸ்ட்லியும். இளவரசன் வேறொருத்தியோடு ஆடுகிறானே என்று ஒதுங்கி நின்று பொருமுகிறார்கள். சிரிப்பும் கிடைக்கிறது, மற்றவர்களுக்கு மூச்சுவிட நேரமும் கிடைக்கிறது. விளம்பரத்துக்கு இடம்விட்டு ஆறு துண்டாக எழுதப்பட்ட நாடகம் அது. வீட்டில் பெப்சி விளம்பரம் ஓடும்போது திரைக்குப் பின்னால் என்ன ஓட்டம் நடந்திருக்கும் என்று நேரலை செய்தவனுக்குத் தெரியும்.

நான் பட்டதைச் சொல்கிறேன். பல வருடம் முன்பு, ஒரு நேரலை நாடகத்தில் "உடனே மணக்கோலத்தில் நுழைகிறாள்" என்று எழுதிவிட்டேன். நடிகையின் ரவிக்கைக் கொக்கி மாட்டவில்லை. நாற்பது விநாடி குத்துவிளக்கையே காட்டிக்கொண்டிருந்தோம். குத்துவிளக்குக் காட்சியின் உட்பொருளை மெச்சி ஒரு நேயர் கடிதம் போட்டார். எனக்கு மட்டும் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

இன்னொன்று, பதிவு. சிண்ட்ரெல்லாவை 10.7 கோடிப் பேர் பார்த்ததாக சிபிஎஸ் கணக்குச் சொன்னது. அன்றைய வண்ணமெல்லாம் காற்றோடு போயிற்று. திரையைப் பார்த்துப் படமெடுத்த கறுப்பு வெள்ளைக் கினெஸ்கோப்தான் மிஞ்சியது. 1944-இல் டூமாண்ட் நிலையம் நியூயார்க்கில் 'தி பாய்ஸ் ஃப்ரம் பாய்சி' என்ற இசை நகைச்சுவையை ஒளிபரப்பியபோது அந்தக் கினெஸ்கோப்கூட வந்திருக்கவில்லை. உனக்குப் பதிவு சுலபம், அதனால்தான் மறந்துபோவாய். அதற்கென்று ஒரு ஆளைத் தனியாகப் போடு.

நான்காம் பாட்டுக்கு முன்னால் யாராவது இரண்டு பேரைக் கொஞ்ச நேரம் புலம்பவிடு. உன் பிரதியில் வரும் பால்காரரும் பாட்டியும் அதற்குத் தோதானவர்கள். ஒத்திகையில் கடிகாரத்தோடு நில். பட்டுப்புடவை கட்ட எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணிப் பார்த்து, அந்த நீளத்துக்கு அவர்களுக்கு வசனம் எழுது. எழுதியதும் எனக்கு அனுப்பு. ஸ்டுடியோவின் நீள அகலத்தையும் மறக்காமல் குறித்து அனுப்பு.