கல்லுடைக்கும் கைக்கு என்ன கூலி?

நிலத்தை நம்பி வாழ்ந்த குடும்பம் நிலத்தை இழந்தால் முதலில் தேடுவது நாட்கூலியையே. கண்டியைச் சுற்றி இதைப் பலமுறை கண்டிருக்கிறோம். 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகப் பழைய தெல்தெனிய நீரில் மூழ்கியது. வயலை விட்டு வந்தவர்களும், போரினாலும் மண்சரிவினாலும் இடம்பெயர்ந்தவர்களும் மண்வெட்டியை வைத்துவிட்டு அலவாங்கையும் சம்மட்டியையும் எடுத்தார்கள். அவ்வாறு பலர் போய்ச் சேர்ந்த இடம் கற்குவாரி. ஆகவே இம்முறை பாடம் அந்தத் தொழிலைப் பற்றியது.

நமது மலையில் என்ன உண்டு?

கண்டிப் பகுதியில் கருங்கல் உடைக்கப்பட்டுச் சல்லியாக வீதிக்கும் கட்டடத்துக்கும் போகிறது. திகன, குண்டசாலைப் பக்கத்தில் டொலமைட் எடுக்கப்படுகிறது. தேயிலைத் தோட்டங்களில் கவ்வாத்துக் காலத்தில் மண்ணின் புளிப்பைக் குறைக்க இடுகிற வெள்ளைத் தூள் இதுவே. சற்றுத் தள்ளிக் குருநாகல் மாவட்டத்தில் கஹட்டகஹவும், கேகாலை மாவட்டத்தில் போகலவும் காரீயச் சுரங்கங்கள்.

ஆள் உண்டு, ஆள் இல்லை

குவாரி நடத்துவோர் “வேலைக்கு ஆள் இல்லை” என்கிறார்கள். வேலை தேடுவோர் “வேலை இல்லை” என்கிறார்கள். இருவர் சொல்வதும் உண்மைதான். சல்லி அள்ளவும் கல் சுமக்கவும் ஆட்கள் உண்டு. துளையிடும் இயந்திரத்தைப் பிடிக்கவும், பெக்கோ ஓட்டவும், கிரஷரையும் கம்பிரசரையும் திருத்தவும், சட்டப்படி வெடி வைக்கவும் தெரிந்தவர்கள் குறைவு. பாறையின் வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தவுடன் சொல்லக்கூடிய அனுபவசாலிகள் அதிலும் குறைவு.

இதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, தேர்ச்சி பெற்றவருக்கு வெளிநாட்டில் கூடிய சம்பளம் கிடைக்கிறது. பொருளாதார நெருக்கடி ஏற்பட்ட 2022ஆம் ஆண்டில் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குச் சென்றனர். இரண்டாவது, தூசும் ஆபத்தும் நிறைந்த வேலைக்கு இளைஞர் வர விரும்புவதில்லை. மூன்றாவது, சிறிய குவாரியின் அனுமதிப்பத்திரம் குறித்த காலத்துக்கே செல்லும். மழைக்காலத்தில் வேலையும் நின்றுவிடும். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவரைப் பழக்கி எடுக்க உரிமையாளர் பணம் செலவிடத் தயங்குகிறார். பழகியவர் கூடிய கூலிக்கு அடுத்த குவாரிக்குப் போய்விடுவார் என்ற பயமும் அவருக்கு உண்டு.

தட்டுப்பாடு வந்தால் கூலி உயரும் என்பது சந்தை வழக்கு. ஆனால் உயர்வது தட்டுப்பாடான கையின் கூலியே. சுமப்பவரின் கூலி தானாக உயராது. அவர் போனால் இன்னொருவர் வாசலில் நிற்பார்.

காரீயம் சொல்லும் பாடம்

முதலாம் உலகப் போர்க் காலத்தில் இலங்கைக் காரீயத்துக்கு உலகெங்கும் கிராக்கி இருந்தது. போர் முடிந்ததும் விலை வீழ்ந்தது. மடகஸ்கார் காரீயமும் போட்டிக்கு வந்தது. சுரங்கங்கள் மூடப்பட்டன, வேலையாட்கள் வீட்டுக்குப் போனார்கள். மண்ணிலிருந்து எடுக்கும் பொருளின் விலை நம் கையில் இல்லை. கையில் கற்ற தொழில் மட்டும் நம்மோடு வரும். கம்பிரசர் திருத்தத் தெரிந்தவருக்குக் குவாரி மூடினாலும் வேறு இடத்தில் வேலை உண்டு.

சட்டம் தரும் கூலி

2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் நாடு முழுவதற்கும் ஆகக்குறைந்த சம்பளத்தை நிர்ணயித்தது. 2025இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி 2026 ஜனவரி முதல் அது மாதத்துக்கு 30,000 ரூபா, நாளுக்கு 1,200 ரூபா. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. சல்லி உடைக்கும் பெண்ணுக்குக் குறைத்துக் கொடுக்க முடியாது.

ஊழியர் சேமலாப நிதிக்கு நம் சம்பளத்தில் 8 வீதம் கழிக்கப்படும். உரிமையாளர் 12 வீதம் சேர்க்க வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு அவர் மேலும் 3 வீதம் கட்ட வேண்டும். நாட்கூலிக்காரருக்கும், துண்டுக் கணக்கில் வேலை செய்பவருக்கும் இது உரியது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 1,200 ரூபா வீதம் 25 நாள் வேலை செய்தால் 30,000 ரூபா. அதற்கு உரிமையாளர் தம் பங்காகக் கட்ட வேண்டியது 3,600 உடன் 900, மொத்தம் 4,500 ரூபா. ஓராண்டில் 54,000 ரூபா. “கைக்காசாக 100 ரூபா கூட்டித் தருகிறேன், பேர் பதிய வேண்டாம்” என்று ஒருவர் சொன்னால், 25 நாளுக்கு நமக்குக் கிடைப்பது 2,500, இழப்பது 4,500. காயம்பட்டால் வேலை செய்ததற்கு எழுத்து ஆதாரம் இல்லாமலும் நிற்போம். 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுச் சட்டம் நமக்கும் உரியது. ஆனால் அங்கே வேலை செய்தோம் என்று காட்ட வேண்டும்.

மூச்சின் விலை

கருங்கல்லில் சிலிக்கா உண்டு. துளையிடும்போது எழும் மிக நுண்ணிய தூசு கண்ணுக்குத் தெரியாது. அது நுரையீரலில் தங்கி, ஆண்டுகள் கழித்து இருமலும் மூச்சுத் திணறலும் தரும். இந்நோய்க்கு முழுமையான சுகம் இல்லை. முகத்தில் கட்டும் துணி இத்தூசைத் தடுக்காது. தண்ணீர் விட்டுத் துளையிடுவதும் தகுந்த முகமூடி அணிவதுமே காப்பு. வெடி வைப்பது அனுமதி பெற்றவரின் வேலை. கூடிய கூலி என்றாலும் மற்றவர் தொடக்கூடாது. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளைக் குவாரிக்கு அனுப்பவே கூடாது.

நாம் செய்யக்கூடியவை

1. வேலை நாள், கூலி, முற்பணம் மூன்றையும் ஒரு கொப்பியில் நாள்தோறும் எழுதுவோம்.

2. சேமலாப நிதி இலக்கத்தைக் கேட்டுப் பெறுவோம். தராவிட்டால் கொப்பியுடன் தொழில் அலுவலகத்துக்குப் போவோம். தனியே போகாமல் நாலுபேர் சேர்ந்து போவது நல்லது.

3. பல ஆண்டு வேலை செய்து பழகியும் சான்றிதழ் இல்லாதவர்கள், அந்த அனுபவத்தைப் பரீட்சித்துத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெற வழி உண்டு. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையத்தில் விசாரிக்கலாம்.

4. வீட்டில் ஒருவராவது பாரமான இயந்திரம் ஓட்டுதல், வெல்டிங், இயந்திரம் திருத்துதல் ஆகியவற்றுள் ஒன்றைக் கற்கட்டும். பயிற்சிக் காலத்தில் வருமானம் குறையும். அந்த மாதங்களுக்காகச் சிக்கனக் குழுவில் இப்போதே சேமிக்கத் தொடங்கலாம்.

குழுவில் பேசுவதற்கு

நமது ஊரில் குவாரி வேலைக்குப் போவோர் எத்தனை பேர்? அவர்களில் பெயர் பதியப்பட்டோர் எத்தனை பேர்?

ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு கூலி கொடுக்கப்படுகிறதா? அதை யார் கேட்பது?

நம்மில் தொழில் தெரிந்தவர் யார்? அவரிடம் கற்க விரும்பும் இளைஞர் யார்?