தோல்வியை ஆராய்ந்தவர்

ஆடுகளத்தில் இறங்குவோர் யாவராயினும் வெற்றியும் தோல்வியும் எய்துதல் இயல்பு. ஆயின், தோற்றவருள் இரு வகையினர் உளர். காலத்தையும் நடுவரையும் பழித்துத் தம் தோல்வியை மறக்க முயல்வோர் ஒரு வகையினர். தாம் எங்கே பிழைத்தோம் என்று அமைதியாக ஆராய்வோர் மற்றொரு வகையினர். இவ்விரண்டாம் வகையினருள் தலைசிறந்தவராக விளங்கியவர், சோவியத் நாட்டுச் சதுரங்க வீரர் மிகைல் போட்வின்னிக் ஆவார்.

சதுரங்கத்தில் பகடை உருட்டுதல் இல்லை. காய்களை நகர்த்துவது ஆடுவோரின் அறிவே அன்றி வேறன்று. பெரும் பந்தயங்களில் ஒவ்வொரு நகர்த்தலும் தாளில் குறித்து வைக்கப்படுகின்றது. ஆதலின், தோற்றவர் விரும்பினால் தம் பிழையைத் தாமே தேடிக் காணலாம். ஆனால், அவ்வாறு காண்பதற்கு மனத்திட்பம் வேண்டும்.

போட்வின்னிக் 1911ஆம் ஆண்டிற் பிறந்தவர், மின்பொறியியல் வல்லுநர். 1934ஆம் ஆண்டின் இறுதியில், இங்கிலாந்து நாட்டின் ஹேஸ்டிங்ஸ் நகரில் தொடங்கிய பந்தயத்தில் அவர் கலந்துகொண்டார். முதல் ஆட்டம் தொடங்குவதற்கு இரண்டு மணி நேரத்திற்கு முன்னரே அவர் அங்கு வந்து சேர்ந்தார். பயணக் களைப்பு நீங்கவில்லை. புதிய சூழலும் பழகவில்லை. முடிவில் ஐந்தாம் ஆறாம் இடங்களை மற்றொருவருடன் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது. உலக வீரராய் விளங்கிய முதியவர் இம்மானுவேல் லாஸ்கர், பத்து நாட்கள் முன்னதாக வந்திருத்தல் வேண்டும் என்று அவருக்கு எடுத்துரைத்தார். போட்வின்னிக் அவ்வறிவுரையை உளங்கொண்டார். அப்பிழையை மீண்டும் செய்யவில்லை. 1936இல் நாட்டிங்காம் நகரில் நடந்த பந்தயத்தில் ஓர் ஆட்டத்திலும் தோலாது, புகழ்பெற்ற கபபிளாங்காவுடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

1948இல் அவர் உலக வீரர் பட்டத்தை வென்றார். 1957இல் ஸ்மிஸ்லோவ் என்பாரிடம் அதனை இழந்தார். பட்டம் இழந்தவர் ஓராண்டிற்குள் மறுபோட்டி ஆடலாம் என்பது அக்கால விதி. தோற்ற ஆட்டங்களை ஆராய்ந்து, 1958இல் பட்டத்தை மீட்டார். 1960இல் இருபத்து மூன்று வயது இளைஞரான மிகைல் தால் அவரை வென்றார். காய்களைத் துணிந்து பலியிட்டு எதிரியைத் திகைக்கச் செய்வது தாலின் ஆற்றல். நாற்பத்தெட்டு வயதினரான போட்வின்னிக் இனித் தலையெடுக்கமாட்டார் என்று கருதியோர் பலர். அவரோ தாலின் ஆட்டங்களையும் தம் ஆட்டங்களையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்தார். தாலின் திறமை எத்தகைய நிலையில் ஓங்குகின்றது, எத்தகைய நிலையில் தளர்கின்றது என்பதனை உணர்ந்தார். 1961இல் நடந்த மறுபோட்டியில் 13-8 என்ற கணக்கில் வென்றார். அப்பொழுது தால் உடல்நலம் குன்றியிருந்தார் என்பதும் உண்மையே. எனினும், போட்வின்னிக்கின் உழைப்பு அதனாற் சிறுமையுறாது.

ஆட்டக்காரர் தம் ஆட்டங்களைத் தாமே ஆராய்ந்து, அவ்வாராய்ச்சியை அச்சிட்டு வெளியிடல் வேண்டும் என்பது அவர் கொள்கை. தம் பிழையைத் தமக்குள் மறைத்தல் எளிது; பிறர் படித்துக் குறை கூறுவர் என்னும்பொழுது மறைத்தல் அரிது அன்றோ?

1963இல் பெட்ரோசியனிடம் அவர் மீண்டும் பட்டத்தை இழந்தார். மறுபோட்டி விதி அதற்குள் நீக்கப்பட்டிருந்தது. இழந்தது இம்முறை திரும்பவில்லை. எனினும் அவர் கற்றது வீணாகவில்லை. இளைஞர்க்குச் சதுரங்கம் பயிற்றும் பள்ளியை நடத்தினார். தத்தம் ஆட்டங்களைத் தாமே ஆராயுமாறு அவர்களைப் பழக்கினார். அவரிடம் பயின்ற கார்ப்போவ், காஸ்பரோவ், கிராம்னிக் ஆகிய மூவரும் பிற்காலத்தில் உலக வீரர் ஆயினர். 1995ஆம் ஆண்டில் போட்வின்னிக் இயற்கை எய்தினார்.

தேர்வுத்தாள் திரும்பி வரும்பொழுது, மதிப்பெண்ணை மட்டும் பார்த்து அதனை மடித்து வைக்கும் மாணவர் பலர். எந்த வினாவில், எதனால் பிழைத்தோம் என்று பொறுமையுடன் நோக்குவோர் சிலரே. இழந்த மதிப்பெண் மீளாது. ஆனால், பிழையின் காரணத்தை அறிந்தவர் அடுத்த தேர்வுக்கு அவ்வறிவுடன் செல்வர். தோல்வி தானே எதனையும் கற்பிப்பதில்லை. அதனை நேர்நின்று நோக்குவோர்க்கே அது ஆசான் ஆகின்றது.