ஆறு இலக்க எண்ணா? அக்கா சொல்றதைக் கேளுங்க!

குரூப் 4-க்குப் படிக்கிற தம்பி தங்கைகளே, வினாத்தாளில் நீளமா ஒரு எண்ணைப் பார்த்ததும் அடுத்த கேள்விக்குத் தாவிடாதீங்க. எண்ணைப் பகாக் காரணிகளா உடைச்சுட்டா பாதி வேலை முடிஞ்சது.

720720-ஐ எடுத்துக்கோங்க. எடுத்த எடுப்பில் 2-ஆல வகுக்க உட்காராம, முதல்ல எண்ணை உத்துப் பாருங்க. 720 அடுத்தடுத்து ரெண்டு தடவை வருதா? மூணு இலக்கம் இப்படி அப்படியே திரும்ப வந்தா, அது கட்டாயம் 1001-இன் மடங்கு. 1001 = 7 × 11 × 13. இந்த ஒரு வரியை மனப்பாடம் பண்ணியே ஆகணும். மிச்சம் இருக்கிற 720-ஐ உடைக்கிறது சுலபம்: 2⁴ × 3² × 5. ஆக, 720720 = 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13.

இனி எப்படிக் கேட்டாலும் சொல்லலாம். வகுத்திகள் எத்தனை? ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்குங்க: 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240. அதில் ஒற்றை வகுத்திகள் மட்டும் வேணும்னா 2-இன் அடுக்கை விட்டுட்டுப் பெருக்குங்க, 48. முழு வர்க்கமா? இல்லை, 5, 7, 11, 13 நாலும் ஒத்தையா நிக்குது. அந்த நாலின் பெருக்கல் 5005. அதால பெருக்கினா 60060-இன் வர்க்கம் ஆகிடும். "எந்தச் சிறிய எண்ணால் பெருக்க வேண்டும்"னு கேட்டா விடை அந்த 5005-தான்.

1 முதல் 16 வரை எல்லா எண்ணுக்கும் மீ.சி.ம. கேட்டாலும் விடை இதே 720720-தான். இதைவிடச் சின்ன எண் எதுக்கும் 240 வகுத்திகள் கிடையாது. இந்த மாதிரி, தனக்குக் கீழே இருக்கிற எல்லா எண்ணையும் வகுத்தி எண்ணிக்கையில் முந்துற எண்களைப் பத்தித்தான் நம்ம ராமானுஜன் 1915-இல் லண்டனில் பெரிய கட்டுரை வெளியிட்டார். கையாலேயே போட்ட பட்டியல். அதில் 293318625600 ஒண்ணுதான் விட்டுப்போச்சுன்னா பார்த்துக்கோங்க!

பகா எண்ணான்னு கேட்டா மட்டும் அவசரப்படாதீங்க. 30031-ஐ 2, 3, 5, 7, 11, 13 எதால வகுத்தாலும் மீதி 1. உடனே 'பகா எண்'ணுன்னு டிக் அடிச்சா மார்க் போச்சு. அது 59 × 509. வர்க்கமூலம் 173-ஐத் தாண்டுது. அதனால 173 வரைக்கும் உள்ள பகா எண்களால வகுத்துப் பார்த்த பிறகுதான் முடிவு சொல்லணும். கொடுத்திருக்கிற விடைகளைப் பெருக்கிப் பார்க்க முடிஞ்சா அதுதான் சீக்கிரம்.

இப்போ நோட்டை எடுத்து 360360-க்கு வகுத்திகள் எத்தனைன்னு போடுங்க. 192 வந்தா சரி.