ஜப்பானில் வீடு எடுத்தால்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

செய்ய வேண்டியவை

• செருப்பை வாசலை ஒட்டிய கென்கானிலேயே கழற்றுங்கள். நமக்கு இது புதிதல்ல. ஆனால் கழற்றியதை வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பி வைப்பது பலருக்கு மறந்துபோகும்.

• குடிவந்த அன்றே கையில் இருக்க வேண்டியது குப்பை நாட்காட்டி. எரியும் குப்பை, எரியாதது, பெட் பாட்டில், கண்ணாடி, பழைய காகிதம் என ஒவ்வொன்றுக்கும் தனிக் கிழமை. ஊருக்கு ஊர் விதியும் மாறும். ஷிகோகு தீவில் உள்ள கமிகட்சு என்ற சிற்றூரில் நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்கள். உங்கள் ஊரில் அவ்வளவு இருக்காது என்று தைரியமாக இருங்கள். பெட் பாட்டில் என்றால் பெரும்பாலான ஊர்களில் மூடியைக் கழற்றி, மேலுறையை உரித்து, அலசி, நசுக்கித்தான் போட வேண்டும்.

• பஜ்ஜி சுட்ட எண்ணெயை சிங்க்கில் ஊற்றிவிடாமல், கடையில் விற்கும் கெட்டியாக்கும் தூளை வாங்குங்கள். அடுப்பை அணைத்ததும் சூடான எண்ணெயில் தூவிக் கலக்கி ஆறவிட்டால், வாணலி வடிவத்திலேயே உறைந்துவிடும். தோசைக் கரண்டியால் நெம்பினால் அடைபோல முழுசாக வரும். பெரும்பாலான ஊர்களில் அது எரியும் குப்பை.

• பெரிய நிலநடுக்கம் வந்தால் காஸ் மீட்டர் தானாகவே மூடிக்கொள்ளும். அடுப்பு எரியவில்லையே என்று பதறாதீர்கள். வாடை ஏதும் இல்லையென்றால், எல்லா அடுப்பையும் மூடிவிட்டு மீட்டரில் உள்ள பொத்தானை அழுத்தி, மூன்று நிமிடம் பொறுங்கள்.

செய்யக்கூடாதவை

• முந்தின இரவே குப்பையை வைக்காதீர்கள். காலையில்தான் வைக்க வேண்டும், அதுவும் பல ஊர்களில் 8 மணிக்குள். குப்பைமேல் போர்த்தும் வலையைச் சரியாக மூடாவிட்டால் காகம் கிழித்துத் தெருவெல்லாம் இறைத்துவிடும். தப்பான நாளில் வைத்த பையில் ஒரு சீட்டை ஒட்டி அங்கேயே விட்டுப் போவார்கள். அக்கம்பக்கம் முழுக்கப் பார்க்கும். அபராதத்தைவிட அது உறைக்கும்.

• பழைய டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி நான்கையும் குப்பையோடு வைக்கவே வைக்காதீர்கள். 2001 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, மறுசுழற்சிக் கட்டணம் கட்டித்தான் கொடுக்க வேண்டும்.

• சோப்போடு குளியல் தொட்டிக்குள் இறங்காதீர்கள். வெளியே உட்கார்ந்து தேய்த்துக் குளித்த பிறகு ஊறுவதற்குத்தான் தொட்டி. அதே வெந்நீரில்தான் வீட்டார் ஒவ்வொருவராக இறங்குவார்கள். மறுநாள் அதையே குழாய் போட்டு வாஷிங் மெஷினுக்கு உறிஞ்சும் வீடுகளும் உண்டு.

• கழிவறைச் செருப்போடு கூடத்துக்கு வராதீர்கள். தத்தாமி பாயில் எந்தச் செருப்பும் கூடாது.

• ஊரிலிருந்து மிக்ஸியைச் சுமந்து போகாதீர்கள். அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நம் 230 வோல்ட் மிக்ஸி தேங்காயைச் சுற்றிக் காட்டும், அரைக்காது.